வேப்பம்பட்டு பி.இ.யும் குவைத் பட்டியலும்

பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை லேமினேட் செய்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பிள்ளை நாலு வருஷம் படித்து வாங்கிய தாள். கறையான் அரித்துவிடக் கூடாது, மழையில் நனைந்துவிடக் கூடாது. வளைகுடாவில் வேலை என்று ஆனதும் அந்தப் பாசமே முதல் தொல்லையாகிவிடுகிறது. சான்றிதழின் பின்பக்கத்தில் மாநில உயர்கல்வித் துறையின் முத்திரை விழ வேண்டும். அதைப் பார்த்து வெளியுறவு அமைச்சகம் ஒரு முத்திரை இடும், சில நாடுகளுக்கு அதைப் பார்த்துத் தூதரகமும் இன்னொன்று இடும். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்காது. எனவே உறையைப் பிரித்தாக வேண்டும். எழுத்து உரிந்து வராமல் பிரிக்கத் தெரிந்த கை வேண்டும். உரிந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம், காவல் நிலையச் சான்று, மீண்டும் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நடை. ரயில் நிலையச் சாலைகளில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பலர் இன்று ‘அட்டெஸ்டேஷன்’ என்றும் பலகை மாட்டியிருப்பது இந்த நடையை மிச்சப்படுத்தத்தான்.

இத்தனை முத்திரையும் சேர்ந்து சொல்வது ஒன்றே ஒன்று: இந்தத் தாள் போலி இல்லை. இதை வைத்திருப்பவர் அந்த நாட்டில் பொறியாளர் என்றோ, அந்தப் படிப்புக்கு அங்கே மதிப்பு உண்டு என்றோ எந்த முத்திரையும் சொல்லவில்லை. சான்றொப்பம் வேறு, அங்கீகாரம் வேறு. இந்த வேறுபாடு பெரும்பாலோருக்கு விமானம் ஏறிய பிறகுதான் தெரியவருகிறது. குவைத்திலிருந்த இந்தியப் பொறியாளர்கள் பலருக்கு அது 2018இல் தெரிந்தது.

அதை வேப்பம்பட்டிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் இடையே உள்ள இந்தச் சின்ன ரயில் நிலையத்தைச் சுற்றி, பெருமாள்பட்டு தொடங்கி ஆவடி, பூந்தமல்லி, தண்டலம் வரை, பொறியியல் கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் விவசாய நிலம் மனையாகவும் கல்லூரி வளாகமாகவும் மாறிய பகுதி இது. காலை ஏழரைக்கு சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் நின்றால் மஞ்சள் பேருந்துகள் வரிசைகட்டிப் போவதைப் பார்க்கலாம். கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் இருந்ததால், இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களில் ஃபிட்டர், வெல்டர், டர்னர் குடும்பங்கள் அதிகம். அப்பா ஐ.டி.ஐ., பிள்ளை பி.இ. என்பது இந்தப் பக்கத்துத் தலைமுறைக் கதை. அந்த இருவரும் வெளிநாட்டுக்குப் போனால் இருவரையும் அந்த நாடுகள் வெவ்வேறு விதமாக எடைபோடுகின்றன. அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

குவைத்தில் நடந்தது இது. 2018 மார்ச்சில் அந்நாட்டு மனிதவள ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. பொறியாளர் என்ற பதவியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி தரவோ புதுப்பிக்கவோ வேண்டுமானால், குவைத் பொறியாளர்கள் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். போலிப் பட்டங்களைக் களையெடுக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் தப்பில்லை, போலிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஆயிரக்கணக்கான இந்தியக் கல்லூரிகளில் எது சரி, எது தவறு என்று பார்க்க அந்தச் சங்கத்துக்கு வழியில்லை. அது கைக்கு எட்டிய ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டது. அதுதான் தேசிய தர மதிப்பீட்டு வாரியமான என்.பி.ஏ.யின் பட்டியல். அதில் உங்கள் கல்லூரியின் உங்கள் துறை இருந்தால் பொறியாளர். இல்லையென்றால் இல்லை.

பத்து வருஷம், பதினைந்து வருஷம் எண்ணெய் வயலிலும் கட்டுமானத்திலும் வேலை பார்த்தவர்கள், குடியிருப்பு அனுமதியான அக்காமாவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் திடீரென்று பொறியாளர் இல்லை என்றானார்கள். இந்தியாவில் பொறியியல் கல்லூரி நடத்த அனுமதி தருவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.; என்.பி.ஏ. மதிப்பீடு என்பது கல்லூரி விரும்பினால் கேட்டுப் பெறுவது, கட்டாயமில்லை. இதை இந்திய அரசு எடுத்துச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் குவைத் போனபோதும் விஷயம் பேசப்பட்டது. என்.பி.ஏ. தோன்றியதே 1994இல். அதற்கு முன் படித்து முடித்தவர் எந்தப் பட்டியலில் இருப்பார்? பெரிய பெயர் பெற்ற கல்வி நிலையங்கள் பலவும் அந்தக் காலத்தில் இந்த மதிப்பீட்டைத் தேடிப் போகவில்லை. அவற்றின் பெயருக்கு அது தேவைப்படவுமில்லை. அங்கே படித்தவர்களும் இதே வரிசையில் நின்றார்கள் என்பதுதான் இந்த முறையின் அபத்தத்தை உலகுக்குக் காட்டியது. வேப்பம்பட்டுப் பக்கத்துக் கல்லூரியின் சிவில் பட்டதாரி மட்டும் நின்றிருந்தால் செய்தி அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகமே.

பலர் வேலையை இழக்கவில்லை, பெயரை இழந்தார்கள். விசாவில் ‘பொறியாளர்’ என்ற சொல் போய் ‘சூப்பர்வைசர்’, ‘டெக்னீஷியன்’ என்று ஏதோ ஒன்று வந்தது. அதே சைட், அதே வரைபடம், அதே முதலாளி. ஆனால் பதவிப் பெயர் மாறினால் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது கேட்கும் சம்பளம் மாறும், பேரம் பேசும் தெம்பு மாறும், பத்து வருஷ அனுபவச் சான்றிதழில் கடைசி வரி மாறும். பிறகு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த வரியும் அவர் எதிரே வந்து நிற்கும். முதலாளிக்கு மட்டும் நஷ்டமில்லை. அவருக்கு அதே வேலை குறைந்த பெயரில் கிடைத்துவிட்டது.

ஒரு நாடு ஏன் இப்படி ஒரு பட்டியலைப் பிடித்துக்கொள்கிறது? குவைத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் குவைத் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் நம் பக்கத்து ஓட்டை தெரியும். தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் வந்தால், இவர் உண்மையிலேயே மருத்துவர்தானா, இவர்மேல் நடவடிக்கை ஏதும் உண்டா என்று தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலைக் கேட்கலாம். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கவுன்சில். செவிலியருக்கும் உண்டு. பொறியாளருக்கு? பொறியியல் தொழில் செய்ய உரிமம் வேண்டும் என்று இந்தியாவில் நாடு தழுவிய சட்டம் எதுவும் கிடையாது. சட்டப்படியான பதிவேடு இல்லை, பதிவு எண் இல்லை, ஒழுங்கு நடவடிக்கை எடுக்க ஆளில்லை. பாலம் இடிந்தால் ஒப்பந்ததாரர்மேல் வழக்கு வரும். பொறியாளரின் உரிமத்தைப் பறிக்க முடியாது, ஏனென்றால் பறிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆளைப் பற்றிக் கேட்க இடமில்லாதபோது, வெளிநாடு கல்லூரியைப் பற்றிக் கேட்கிறது.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களை அங்கீகரிப்பதை நிறுத்தியது. அதுவரை சென்னையிலும் கல்கத்தாவிலும் படித்தவர் அங்கே நேரடியாகப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. இந்தியக் கல்லூரிகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் சோதித்துச் சொல்ல இங்கே அகில இந்திய அமைப்பு இல்லை என்பது தகராறின் மையமாக இருந்தது. அதன் பின்னணியில் வேறு அரசியலும் இருந்தது, அது இருக்கட்டும். விளைவாக 1933இல் சட்டம் வந்தது, இந்திய மருத்துவக் கவுன்சில் பிறந்தது. மருத்துவத் துறை அவமானப்பட்டு ஒரு பதிவேட்டைச் சம்பாதித்துக்கொண்டது என்று சொல்லலாம். அதன் பிறகும் பிரிட்டன் 1975இல் மறுபடி கதவைச் சாத்தித் தேர்வு வைத்தது என்பது வேறு கதை. பொறியியலுக்கு 1930 மாதிரி ஒரு அதிர்ச்சி 2018இல் வந்தது. பதிவேடு மட்டும் இன்னும் வரவில்லை.

என்.பி.ஏ. எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் சுருண்டு கிடக்கிறது. அது கல்லூரிக்குத் தரச்சான்று தருவதில்லை. ஒரு கல்லூரியின் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருகிறது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், அதே கட்டடத்தில் மாடியில் உள்ள சிவிலுக்கு இருக்காது. காலக்கெடுவும் உண்டு, மூன்று ஆண்டு, நன்றாக இருந்தால் ஆறு ஆண்டு. கேட்பதற்கே தகுதி வேண்டும்: அந்தப் படிப்பில் குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியே போயிருக்க வேண்டும், இடங்கள் போதுமான அளவு நிரம்பியிருக்க வேண்டும், ஆசிரியர் எண்ணிக்கையும் முனைவர் பட்டம் பெற்றவர் எண்ணிக்கையும் கணக்குக்கு வர வேண்டும்.

ஒரு துறையின் தரத்தை உயர்த்த இவை நியாயமான நிபந்தனைகள்தாம். ஆனால் ஒரு ஆளின் தகுதியை முடிவு செய்ய இதையே பயன்படுத்தினால் என்ன ஆகும்? புதிதாகத் தொடங்கிய எந்தக் கல்லூரியிலும் முதல் இரண்டு பேட்ச் மாணவர்கள், எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், படிக்கும் காலத்தில் மதிப்பீடு பெற்ற படிப்பில் இருக்கவே முடியாது. விதியே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. இன்னொன்று இதைவிட விசித்திரம். வளைகுடாவில் இன்றும் ஆள் தேடுவது சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும். இங்கே கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காலியாகக் கிடப்பதும் அவைதாம். கூட்டம் முழுக்கக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பக்கம் போய்விட்டது. இடம் நிரம்பாத துறை மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகிறது. ஆக, அயல்நாடு யாரைக் கேட்கிறதோ அவருக்குத்தான் அயல்நாடு கேட்கும் சான்று கிடைப்பது அரிதாகிறது.

இதற்குள் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2014 ஜூன் 13 அன்று இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. 1989இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தொடங்கிய உடன்பாடு அது. ஒரு நாடு தரமறிந்து ஒப்புக்கொண்ட படிப்பை மற்ற நாடுகளும் சமமாக ஏற்பது அதன் சாரம். பத்திரிகைகளில் ‘இனி இந்தியப் பொறியியல் பட்டம் உலகெங்கும் செல்லும்’ என்ற தொனியில் செய்தி வந்தது. உண்மையில் என்.பி.ஏ.யின் மதிப்பீடு இரண்டு அடுக்கு கொண்டது. தானே பாடத்திட்டம் வகுத்துத் தானே தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் முதல் அடுக்கு. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. வாஷிங்டன் ஒப்பந்தம் முதல் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்தவர், தன் துறைக்கு என்.பி.ஏ. இருந்தாலும், அந்த ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நிற்கிறார். அவரும் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரி மாணவரும் ஒரே ரயிலில் ஆவடியில் ஏறியிருக்கலாம்.

கல்லூரி தேடும் சமயத்தில் இதை யார் கேட்கிறார்கள்? பிளஸ் டூ முடிவு வந்த பிறகு இந்தப் பக்கத்துக் கல்லூரி வாசல்களில் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை: பிளேஸ்மென்ட் எப்படி சார், பஸ் எங்க வரைக்கும் வரும், பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் தனியா இருக்கா, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் கன்செஷன் உண்டா. எல்லாம் நியாயமான கேள்விகள். ‘இந்தத் துறைக்கு மதிப்பீடு எந்த வருஷம் வரை?’ என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரிப் பலகையில் என்.பி.ஏ. என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்தத் துறைக்கு என்பது சின்ன எழுத்தில் இருக்கும். எதுவரை என்பது பலகையில் இருக்கவே இருக்காது. பதினேழு வயதில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும் பையனின் ஒரு சொடுக்கு, அவனது முப்பத்தைந்தாவது வயதில் வேறொரு நாட்டில் அவன் பதவிப் பெயரை முடிவு செய்கிறது. அங்கீகாரம் மறுக்கப்படுவது அங்கே என்றாலும் அதற்கான விதை விழுவது இங்கே, கலந்தாய்வின்போது.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அம்பத்தூரில் வெல்டராக இருந்து வளைகுடாவுக்குப் போனவர். அவரிடம் யாரும் எந்த ஐ.டி.ஐ. என்று பெரிதாகக் கேட்டதில்லை. டிரேட் டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு ஷெட். குழாய்த் துண்டு இரண்டை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டியிருப்பார்கள். இதற்கு ‘ஆறு ஜி’ என்று பெயர். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் வளைந்து நெளிந்து, தலைக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் ஒரே சீராகப் பற்றவைத்து வர வேண்டும். முதல் ஓட்டமான ‘ரூட்’ சரியாக விழாவிட்டால் மேலே எவ்வளவு அழகாகப் போட்டாலும் பயனில்லை, எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே ஒரு சிறு காற்றுத் துளை, கொஞ்சம் கசடு தெரிந்தால் ஃபெயில். எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கல்லூரி என்று எக்ஸ்ரேவுக்குத் தெரியாது.

அதைவிடச் சுவையான விதி ஒன்று உண்டு. உலகம் முழுக்கக் கொதிகலன், அழுத்தக்கலன் வேலைகளில் பின்பற்றப்படும் அமெரிக்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதிப்படி, ஒரு வெல்டர் தேறிய முறையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்யாமல் இருந்தால் அவர் தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி செய்துகாட்ட வேண்டும். பொறியியல் பட்டம் நாற்பது வருஷமானாலும் காலாவதியாவதில்லை. அதை வைத்திருப்பவர் அந்தத் துறையை ஒருநாளும் தொடாமல் இருந்தாலும். கைத்தொழிலாளிக்கு உலகம் வைத்திருக்கும் சோதனை கடுமையானது, ஆனால் அது அவரைத்தான் சோதிக்கிறது. பட்டதாரிக்கு வைத்திருக்கும் சோதனை அவரைச் சோதிப்பதே இல்லை. படிப்பு ஏறஏற ஆளைப் பார்ப்பது குறைந்து தாளைப் பார்ப்பது கூடுகிறது. மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்வது ஒருவேளை சோம்பலாகவும் இருக்கலாம்.

பொறியாளரையும் ஆளாகப் பார்க்கும் முறைகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் பொறியாளர் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குள் வராத படிப்பை முடித்தவராக இருந்தால், அங்குள்ள பொறியாளர் அமைப்பு அவரைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. தன் தொழில் வாழ்விலிருந்து மூன்று அனுபவங்களை விரிவாக எழுதித்தரச் சொல்கிறது: என்ன சிக்கல், நீ என்ன கணக்குப் போட்டாய், என்ன முடிவெடுத்தாய், ஏன். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினால் எடுபடாது. ‘நான் செய்தேன்’ என்று எழுத வேண்டும். தன்னை முன்னிறுத்திப் பேசாமல் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம். அதற்கும் காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கும் கடைகள் முளைத்துவிட்டன. பிடிபட்டால் தடை விதிக்கிறார்கள். இருந்தாலும், குறைந்தது அங்கே கேள்வி ஆளை நோக்கிக் கேட்கப்படுகிறது.

கனடா இரண்டு வாசல் வைத்திருக்கிறது. முதல் வாசலைத் தாண்டியவர் வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்து ஏமாறுகிறார். குடியேற்றத்துக்கு 2013 முதல் பட்ட மதிப்பீட்டறிக்கை கேட்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து மூடி முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் போனால், நம் நான்கு வருஷ பி.இ. பெரும்பாலும் அங்கத்திய இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று பதில் வந்துவிடும். அது குடியேற்றப் புள்ளிகளுக்கு மட்டும். பொறியாளர் என்று பெயருக்குப் பின் போட்டுக்கொள்ள மாகாண அமைப்பின் உரிமம் வேண்டும். ஒன்டாரியோவில் அதற்கு நாலு வருஷ அனுபவம், அதில் ஒரு வருஷம் கனடாவில் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. கனடிய அனுபவம் இல்லாமல் வேலை கிடைக்காது. வேலை கிடைக்காமல் கனடிய அனுபவம் வராது. டொராண்டோவில் டாக்சி ஓட்டும் பொறியாளர்களைப் பற்றிய கதைகளுக்குப் பின்னால் இந்த விதி இருந்தது. மாகாண அரசு 2021இல் சட்டம் கொண்டுவந்த பிறகு, 2023 மே மாதம் அந்த ஒரு வருஷ நிபந்தனையைப் பொறியாளர் அமைப்பு கைவிட்டது. ஒரு விதியை நீக்க இத்தனை வருஷம் பிடித்தது என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே நிற்பவரின் அவசரம் புரிவதில்லை.

ஜெர்மனி 2012இல் அங்கீகாரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2024இல் இன்னொரு படி இறங்கி வந்தது: உரிமம் தேவைப்படாத பெரும்பாலான தொழில்களில், பட்டம் படித்த நாட்டில் அரசு ஒப்புதல் பெற்றதாக இருந்து, அனுபவமும் சொன்ன சம்பளமும் இருந்தால், ஜெர்மனியின் தனி அங்கீகாரம் இல்லாமலே வேலை விசா பெற வழி திறந்தது. ஆள் பற்றாக்குறை வந்தால் கொள்கை எவ்வளவு விரைவில் இளகும் என்பதற்கு இது சாட்சி. தரம் என்ற சொல் எல்லா நாட்டிலும் வேலைச்சந்தையின் வெப்பத்தைப் பொறுத்து நீள்கிறது, சுருங்குகிறது.

இதுவரை நாம் வாசலில் நிற்பவராகவே பேசினோம். வாசலைக் காப்பவராக இந்தியா எப்படி நடந்துகொள்கிறது? அதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர் இங்கே பதிவு பெற, 2002 முதல் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். முந்நூறு கேள்வி, நூற்றைம்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. 2015 முதல் 2018 வரை எழுதியவர்களில் தேறியது சுமார் 14 சதவீதம். 2023 ஜூன் தேர்வில் சுமார் 10 சதவீதம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பட்டமும் மேற்படிப்பும் முடித்து அங்கே தொழில் செய்யும் உரிமை பெற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. குவைத்துக்கு ஒரு பட்டியல் இருந்தால் நமக்கும் ஒன்று உண்டு.

கொரோனாக் காலத்தில் இந்த வாசல்காவல் உச்சத்துக்குப் போனது. சீனாவில் படித்து, கடைசிப் பகுதியை இங்கே வீட்டிலிருந்து ஆன்லைனில் முடித்து, தகுதித் தேர்விலும் தேறிய ஒரு மாணவிக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தற்காலிகப் பதிவு தர மறுத்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 2022 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் பார்த்தது: நோயாளியைத் தொட்டுப் பயிலாத ஒருவரை அப்படியே விட்டுவிட முடியாது, அதற்காக அவர் படித்ததையெல்லாம் வீணாக்கவும் முடியாது, இரண்டு மாதத்தில் ஒரு வழியை வகுத்துச் சொல் என்று தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஜூலையில் ஆணையம், அப்படித் திரும்பிய இறுதியாண்டு மாணவர்கள் தகுதித் தேர்வில் தேறி, ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் உள்ளுறைப் பயிற்சி முடிக்க வேண்டும் என்றது. அதுவரை தமிழ்நாட்டில் அந்தப் பயிற்சிக்கு இவர்களிடம் லட்சக்கணக்கில் கட்டணமும் வாங்கப்பட்டது. அந்த ஆண்டுதான் அரசு அதைப் பெருமளவு குறைத்தது.

இந்தத் தீர்ப்பில் நான் மதிப்பது அதன் இரண்டாம் பாதியை. குறை எங்கே என்று சுட்டிக்காட்டி, அதை நிரப்ப வழி சொல்வதுதான் உருப்படியான அங்கீகார முறை. எஃப்.எம்.ஜி.இ. தோற்றவரிடம் ‘போ, ஆறு மாதம் கழித்து வா’ என்று மட்டும் சொல்கிறது; எந்தப் பாடத்தில் எங்கே பலவீனம், அதை எங்கே போய்ச் சரிசெய்வது என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியில் கோச்சிங் சென்டர்கள் பிழைக்கின்றன. உள்ளூரில் படித்தவரும் வெளிநாட்டில் படித்தவரும் ஒரே தேர்வை எழுத வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது; அந்தத் தேர்வு தள்ளிக்கொண்டே போகிறது. உள்ளூர் மாணவரும் அதே தாளை எழுதினால் எத்தனை சதவீதம் வருமோ, அதைப் பார்க்கும் ஆவல் எனக்கு உண்டு.

நம் பக்கத்திலேயே இன்னொரு தலைகீழ் இருக்கிறது. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021 முதல் அரசுப் பெயர் மறுவாழ்வு முகாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிவித்த 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தில் முகாம் மாணவர்களின் பொறியியல் படிப்புக்கும் உதவி சேர்க்கப்பட்டது. இந்த முகாம்களில் வளர்ந்தவர்கள் நம் கல்லூரியில், நம் பாடத்திட்டத்தில், நம் தேர்வெழுதிப் பட்டம் வாங்கியவர்கள். தாளில் எந்தக் குறையும் இல்லை. குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் இல்லாததால் பெரிய கம்பெனிகள் தயங்கும். குவைத்துக்குப் போய் மறுக்கப்படும் வாய்ப்புகூட இல்லை. பி.இ. முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகும் முகாம் இளைஞர்களைப் பற்றிப் பல வருஷமாகப் பேசப்பட்டுவருகிறது. குவைத்தில் ஆளை ஒப்புக்கொண்டு தாளை மறுத்தார்கள். இங்கே தாளை ஒப்புக்கொண்டு ஆளை மறுக்கிறோம்.

பொறியாளருக்கான தேசியப் பதிவேடு வந்தால் இதில் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் எண்ணம். பட்டம், அனுபவம், ஒரு தேர்வு அல்லது நேர்காணல், அதன் பேரில் ஒரு எண். எந்த நாட்டுச் சங்கமும் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். சிறிய கல்லூரியில் படித்துப் பெரிய வேலை செய்தவருக்கு அதுதான் நியாயம் செய்யும். எதிர்ப்பு வரும்; உரிமம் என்றால் உள்ளூரிலேயே லட்சக்கணக்கானவர்கள் தேறமாட்டார்கள் என்ற பயம் கல்லூரி நடத்துபவர்களுக்கு உண்டு. அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டச் சான்றிதழிலேயே, படித்த காலத்தில் அந்தத் துறைக்கு மதிப்பீடு இருந்ததா, எந்த அடுக்கு என்று ஒரு வரி அச்சிடலாம். அப்படி ஒரு வரி வரும் என்றால் அதை வெறுமையாக விட எந்தக் கல்லூரியும் கூசும்.

அவசரமான கேள்வி வேறு. சேர்க்கை இல்லாமல் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அங்கே படித்தவர் நாற்பது வயதில் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அவர் எந்த ரெகுலேஷனில் படித்தாரோ, 2008ஓ 2013ஓ, அந்த ஆண்டுப் பாடத்திட்ட நகலைக் கேட்பார்கள். சில நாடுகள் கல்லூரியின் கடிதத்தையும் கேட்கும். மதிப்பெண் பல்கலைக்கழகத்தில் இருக்கும். செய்முறைப் பதிவேடும் புராஜெக்ட் அறிக்கையும், எச்.ஓ.டி. கையெழுத்திட வேண்டிய கடிதத்தாளும் கல்லூரியோடு போய்விட்டன. வளாகம் பள்ளியாகவோ கல்யாண மண்டபமாகவோ கிடங்காகவோ மாறிவிட்டால், கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் போய் எதைக் கேட்பது?